உன் பெயர் கீறிய சில்லு

தம்பிக்கு,

கோணலாக இருந்தாலும் இது என் கையெழுத்து. அறுபத்தெட்டு வயதில் கற்றேன். ஒவ்வொரு எழுத்தும் தித்திக்கிறது.

ஆறு வருடத்துக்கு முன், ஏதென்ஸில் நாடுகடத்தல் வாக்கெடுப்பு நடந்த அன்று, துரத்த வேண்டியவன் பெயர் எழுதிய பானைச் சில்லு ஒன்றை, அப்போது எழுத்தறியாத என்னிடம் தந்தாய். "கொடுங்கோலனோட ஆளுதாண்ணே, கண்ண மூடிக்கிட்டுப் போடு" என்றாய். போட்டேன். என் நண்பன் தியோக்ளிஸைப் பத்து வருடத்துக்குத் துரத்திவிட்டார்கள்.

அன்று நீ பங்கிட்டதில் மிஞ்சிய சில்லுகளை நேற்று உன் கிணற்றடியில் எடுத்து வாசித்தேன். எல்லாவற்றிலும் தியோக்ளிஸ்.

உடற்பயிற்சிக் கூடத்தில் இளைஞர்களுக்கு நற்குணம் போதிக்கிறாய். "பானைக்கு மண்ணு மிதிக்கிறவனுக்கு ஏதுப்பா நல்வாழ்வு? எங்க அண்ணனையே பாருங்க" என்று சிரித்தாயாம்.

நாளை மறுபடியும் வாக்கெடுப்பு. உன் பெயரை நானே கீறி முடித்தேன். காலைப்பொழுது முழுவதும் ஆயிற்று. இது நற்குணமா என்று எனக்குத் தெரியாது. மகிழ்ச்சி என்பது மட்டும் தெரிகிறது.

உன் அண்ணன்