பெரிய கிழிசல், சின்னக் கிழிசல்

மார்ச் 4

இன்றும் கை தோளுக்கு மேல் ஏறவில்லை. டிரையர் பிடிக்க வலது முழங்கையை இடது கையால் தாங்கிக்கொண்டு நின்றேன். அண்ணி கண்ணாடியில் பார்த்து உதட்டைச் சுழித்தாள். என் வீட்டுக்காரரின் அக்கா; நாத்தனார் என்ற உறவு போதாதென்று முதலாளி வேறு. பார்லர் ஷட்டருக்கு எண்ணெய் போடக் கஞ்சத்தனம். அதை இழுத்துத் திறந்துதான் என் தோள் போனது. "வேலைன்னா உடம்பு வளையணும்" என்கிறாள். உடம்பு வளைகிறது மகராசி, கைதான் ஏறவில்லை!

மார்ச் 6

டாக்டர் ஸ்கேன் பார்த்தார். தோள் மூட்டை மூடியிருக்கும் தசைநார் கிழிந்திருக்கிறதாம். சின்னக் கிழிசல்தான், ஆனால் சீக்கிரம் தைத்துவிட வேண்டும் என்றார். வீட்டில் சொன்னேன். "சின்னதுதானே? எதுக்கும் அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுவோம்" என்றார் இவர். அக்கா எப்போது எலும்பு டாக்டரானாள்?

மார்ச் 7

அக்கா சொல்லிவிட்டாள். நடிப்பாம்.

மார்ச் 13

அண்ணி தன் தோளையும் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்தாள் - தன் தோள் இரும்பு என்று எனக்குக் காட்ட. பார்த்தால் அதிலும் கிழிசல், என்னுடையதைப் போல இரண்டு மடங்கு! வேறு ஒருத்தியாக இருந்தால் வாயை மூடியிருப்பாள். இவள் மெடல் வாங்கியவள் மாதிரி பார்லர் முழுக்கப் படத்தைக் காட்டினாள். "இவ்ளோ பெரிய கிழிசலோட நான் தூக்குறேன், பாரு!" என்று வாடிக்கையாளர்கள் முன்னால் கையை உயர்த்தி நின்றாள். தூ.

அடுத்த மாதம் என் நாற்காலி புதுப் பெண்ணுக்காம். எனக்கு டவல் துவைக்கிற வேலை. ஆபரேஷன் என்று லீவு போட்டால் திரும்பி வரவே வேண்டாமாம். இவர் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார். யார் பேசினாலும் ஆடுகிற தலை. அந்தக் கழுத்தில் மட்டும் ஒரு கிழிசலும் விழாது.

மார்ச் 17

அண்ணியே என்னையும் இவரையும் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள், என் குட்டை உடைக்க. டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். அந்தத் தசைநாரின் குறுக்கே கெட்டியான பட்டை ஒன்று ஓடுகிறதாம், துணி காயப்போடும் கொடி மாதிரி.

"உங்க அண்ணிக்குக் கொடியில தொங்குற துணிதான் கிழிஞ்சிருக்கு. கொடி அப்படியே இருக்கு, அதனால கை ஏறுது. உங்களுக்குக் கிழிசல் சின்னது, ஆனா கொடியோட முன்பக்க முனையே அறுந்துபோச்சு. அப்புறம் எப்படிம்மா தூக்குவீங்க?"

அண்ணியின் முகத்தைப் பார்க்க எவ்வளவு ஆசையாகத் திரும்பினேன்! அதற்குள் டாக்டர் அவளிடம், "தூக்கும்போது வலிக்குமே?" என்று கேட்டுவிட்டார்.

"வலிக்கத்தான் செய்யும். வருஷக்கணக்கா வலிக்குது. கையத் தூக்கினா எல்லாருக்கும் வலிக்கும்தானே, டாக்டர்?"

நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தாள்.

"இல்லம்மா. வலிக்காது."

இவ்வளவு நாளும் அந்த வலியையா வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்? என்னையும் அதே கணக்கில்தான் திட்டினாளா? மடச்சி. வேற என்னத்தச் சொல்ல.

ஏப்ரல் 3

தைத்துவிட்டார்கள். கை தூளியில் தொங்குகிறது. லீவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இவர் சோறு வடிக்கிறார், குழைந்து போகிறது.

ஏப்ரல் 9

அண்ணி வந்தாள். கேட்காமலே சீப்பை எடுத்தாள். "பரட்டைத் தலையோட உட்காந்திருக்கியே, பார்லர் மானம் போகுது. நாளைக்கு உன் நாற்காலிக்குத் திரும்பி வர்றவ இப்படியா இருப்பா?"

என் பின்னால் நின்று வகிடு எடுத்தாள், கோணலாக. இவளெல்லாம் முதலாளி. உச்சந்தலையில் சீப்பு நின்றது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்குதா அண்ணி?"

"உன் வேலையப் பாரு."

திமிர் இம்மியும் குறையவில்லை. நான் இறங்கித் தரையில் உட்கார்ந்தேன். அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். அப்படி உட்கார்ந்தால் அவள் கையைத் தூக்க வேண்டியதில்லை.