பெரிய ரோலர் எனக்கா, மோகனுக்கா?

9 ஜூன் 98, செவ்வாய்
விடியலிலிருந்து மழை. ரப்பர் ஷீட் அமுக்கும் இரண்டாம் ரோலரின் தண்டு முறிந்தது. நான் கட்டியது. தேய்ந்த இடத்தில் வெல்டிங்கால் அடுக்கடுக்காக இரும்பு ஏற்றி, லேத்தில் கடைந்து, கண்ணாடி போலக் கொடுத்தேன். ஒரு மாதம் தாங்கவில்லை.

மோகன் கட்டிய முதலாம் ரோலர் ஜனவரியிலிருந்து ஓடுகிறது. அவன் வெல்டிங்கா? கோழி கிளறிய மண். அவிசாவளையிலிருந்து நேற்று வந்தவன்.

பெக்டரி ஐயா எல்லார் முன்னாலும்: "பெரிய ரோலரும் தேஞ்சுபோச்சு. மோகன்கிட்டயே குடுப்பமா?"

வயிறு எரிகிறது.

வாங்க: உப்பு, டோர்ச் பெட்டரி.

10, புதன்
மழை விடவில்லை. தண்டு முறிந்த இடத்தைக் கழுவிப் பார்த்தேன். மேல்தோலுக்குச் சற்றுக் கீழே குண்டூசித் தலை அளவு ஓட்டை. சுற்றிலும் வளையம் வளையமாகக் கறை. அங்கே தொடங்கிய வெடிப்பு, தண்டு சுற்றச் சுற்ற, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்கிறது. கடைசியாக ஒரேயடியாக முறிந்த இடம் மட்டும் சீனி போலச் சொரசொர.

அதே வெல்டிங் குச்சி, அதே மெஷின். அவனுக்கு மட்டும் ஏன் ஓட்டை விழவில்லை?

மாலை மோகன் புகைவீட்டுக்குள் போனான். ஷீட் உலர்த்தும் இடம். அங்கே விறகு போடுவது என் சம்சாரம் சரோஜா.

12, வெள்ளி
இன்றும் போனான். உள்ளே சிரிப்பு. சோறு போடும்போது கேட்டேன்.

"அவன் அங்க என்னா கிழிக்கிறான்?"

"வேலையாத்தான் வாராரு. ஒங்களயும்..."

"அவன் பேர எடுக்காத!"

தட்டைத் தள்ளினேன். சோறெல்லாம் தரையில். அவளை அவனோடு சேர்த்து என்னென்னவோ சொன்னேன். எழுதக் கூசுகிறது.

13, சனி
மோகன் வெளியேறியதும் புகைவீட்டுக்குள் புகுந்தேன். ஷீட் தொங்கும் மூங்கிலுக்கு மேல் ஒரு டின். உள்ளே வெல்டிங் குச்சிகள், காய்ந்து சூடாக. என் குச்சிகள் பட்டறையில், ஒழுகும் கூரையின் கீழ். ஈரக் குச்சி ஆவி கக்கும். இரும்பு இறுகும்முன் வெளியேறாவிட்டால் ஓட்டையாக நின்றுவிடும்.

சே! இவ்வளவுதானா? நிம்மதி வர வேண்டும். இதுவும் அவனுக்குத்தானே தோன்றியது என்று இன்னும் எரிகிறது.

பின்னால் சரோஜா: "ஒங்க குச்சியையும் கொண்டாரச் சொன்னாரு. அன்னைக்கி அதத்தான் சொல்ல வந்தேன்."

15, திங்கள்
பெக்டரி ஐயாவிடம் கெஞ்சிப் பெரிய ரோலரை வாங்கிவிட்டேன். எனக்கே! இதுவும் முறிந்தால் வேலை போய்விடும்.

குச்சிக் கட்டோடு புகைவீட்டுக்கு ஓடினேன். சரோஜா வாசலை மறித்தாள்.

"வெள்ளிக்கிழம சொன்னத மோகன் தம்பி முன்னாடி ஒருக்கா சொல்லுங்க. பொறகு உள்ள வாங்க."

மழை. குச்சிக் கட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினேன். மோகன் அங்கேதான் இருந்தான். "அண்ணே, குச்சி நனையுதே, சரோஜா அக்காகிட்ட குடுங்க" என்றான்.