ஏழாம் எண் உத்திரம்

இயேசு மரி சூசை துணை

மெசில்லா,
1854 டிசம்பர் 10

அன்புள்ள என் வீட்டுக்காரர் செகுந்தினோ அவர்களுக்கு, பெத்ரோனிலா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் பிள்ளைகள் மூவரும் சுகம். சிவப்புக் கோழிக்குத்தான் சுகமில்லை.

வண்டிக்கார அன்செல்மோ உங்கள் கடிதத்தைத் தந்தார். கூரையைப் பிரித்து, உத்திரங்களை வண்டியில் ஏற்றி, பிள்ளைகளின் ஞானஸ்நானச் சீட்டுகளோடு தெற்கே வந்து சேர் என்று மூன்றே வரியில் முடித்துவிட்டீர்கள். படித்த ஆத்திரத்தில் ஒரு ஜெபமாலை முழுக்கச் சொன்னேன். அப்படியும் அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நம் மெக்சிகோ போரில் தோற்று உடன்படிக்கை எழுதியபோது நம் பழைய ஊர் அமெரிக்கர் பக்கம் போனது. ஆற்றைத் தாண்டினால் மெக்சிகோ என்றீர்கள், வந்தேன். மண்சுவரை விட்டுவிட்டு, மரம் கிடைக்காதே என்று பதினெட்டு உத்திரங்களுக்கும் கரியால் எண் போட்டுக் கழற்றினோம். கயிற்றை இன்னொரு சுற்று சுற்றச் சொன்னேன். எனக்குத் தெரியும் என்றீர்கள். பதினொன்றாம் எண் ஆற்றோடு போனது. அந்த இடத்தில் இன்றும் ஒழுகுகிறது.

இப்போது நம் தலைநகரத்துப் பெரியவர்கள் இந்தக் கரையையும் அமெரிக்கருக்கு விற்றுவிட்டார்கள். போன மாதம் சதுக்கத்தில் கொடியை மாற்றியபோது நான் மிளகாய்ச் சரம் கட்டிக்கொண்டிருந்தேன். நான் ஓர் அடி நகரவில்லை. எல்லைக்கோட்டுக்குத்தான் கால் முளைத்திருக்கிறது. தெற்கே போனால் அது பின்னாலேயே வராது என்று யார் எழுதிக் கொடுப்பார்?

பக்கத்து வீட்டுத் தொமாசா வாய்க்காலில் எல்லார் முன்னாலும், "ஏண்டி, உன் புருசன் வீட்டுக்குச் சுவரு வைக்கிறதுக்குப் பதிலா சக்கரம் வச்சிருக்கலாமே!" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன், என்ன செய்வது.

சீட்டுகளுக்காகச் சாமியாரிடமும் போனேன். "ஊர் பேரை எழுதித் தரேம்மா. எந்த நாடுன்னு மட்டும் என்கிட்டக் கேக்காதே. நான் எந்த ஆயருக்குக் கீழன்னே இன்னும் தெரியல" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம் கட்டிலையே பாருங்கள். உங்கள் அப்பா அதில் பிறந்தபோது ஸ்பெயின் ராஜாவின் குடி. பிள்ளைகளில் எலுத்தேரியா மெக்சிகோ, கிரிசாந்தோ அமெரிக்கா, பெர்ப்பெத்துவா மறுபடி மெக்சிகோ. கட்டில் ஒன்றுதான்.

உங்கள் தம்பி இலாரியோவைச் சுட்டவர்களின் கொடிக்குக் கீழே வாழமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுக்காக நானும்தான் தினமும் விளக்கேற்றுகிறேன். ஆனால் வாய்க்காலை நீங்களும் நானும் வெட்டினோம். அந்தத் தண்ணீர் கொடியைப் பார்த்து ஓடவில்லை.

உத்திரங்கள் பதினேழும் கூரையிலேயே இருக்கின்றன. ஒன்றையும் நான் கழற்றப் போவதில்லை. மூன்று பிள்ளைகளுக்கும் தொட்டில் தொங்கிய கொக்கி ஏழாம் எண்ணில் இருப்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் கிளம்பியபின் எனக்கு ஒன்று தெரியவந்தது. நேற்று அந்தக் கொக்கியில் புதுக் கயிறு கட்டினேன், இரண்டு சுற்று.

எந்த நாட்டுக்கு வேண்டுமானாலும் நீங்கள் குடியாக இருங்கள். ஜூன் மாத அருளப்பர் திருநாளுக்கு முன் மட்டும் வீட்டுக்கு வந்துவிடுங்கள். தேவமாதா உங்களை வழிநடத்துவாளாக.

இப்படிக்கு,
உங்கள்
பெத்ரோனிலா