ராணி சட்டை உரித்த வாரம்

மே 6, செவ்வாய்

காலையிலேயே அனல் காற்று. யாரிடமும் சொல்ல முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு சிலந்தி மேல் எனக்குப் பொறாமை. நாற்பத்தெட்டு வயசில்.

என் வீட்டுக்காரரோடு மில்லில் இருந்தவர் ஊர் மாறும்போது கொடுத்துவிட்டுப் போன டரான்டுலா. உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் மயிர், கண்ணாடிப் பெட்டியில் வாசம். பேர் ராணி. நான் வைத்த பேர் சக்களத்தி.

மதியம் ரசம் கொதிக்கும்போது வாசலில் இவர் போனில்: "ரெண்டு நாளா சாப்பிடல. சட்டையக் கழட்டப் போறா. இல்ல இல்ல, தொட மாட்டேன்."

கரண்டியோடு போனேன். "யாரு அவ?"

"ராணி. பாம்பு சட்டை உரிக்கும்லா, அந்த மாதிரி."

எனக்குச் சட்டை தைக்க எடுத்த துணி ரெண்டு மாசமாய் டெய்லரிடம். அவளுக்குப் புதுச் சட்டை.

மே 7, புதன்

தீப்பெட்டி ஆபீசில் என்னோடு குச்சி அடுக்கும் செல்வியிடம் புலம்பினேன். "எட்டுக் காலு இருந்தும் ஓடிப் போவல. அண்ணாச்சி நல்லா வச்சிருக்காவ போலக்கா."

ராணியின் பெட்டி மண்ணில் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தார். ஊற்றவில்லை. மறதி என்று எழுதப் பார்த்தேன். மறதி இல்லை.

மே 8, வியாழன்

மூணு மணிக்கு வீட்டுக்கு வந்தால் ராணி மல்லாக்க. மில்லுக்குப் போன். "என்னங்க, போயிட்டா."

"மல்லாக்கக் கெடந்துதாம்டி உரிப்பா. புரட்டிராத."

புரட்டக் கரண்டி எடுத்திருந்தேன். கீழே வைத்தேன்.

நாலு மணி. தோல் கழன்றுவிட்டது, பின்னங்கால் ரெண்டு மட்டும் சிக்கல். பெட்டியில் இவர் போட்ட கரிசல் மண் காடு மாதிரியே வெடித்துக் கிடந்தது. மறுபடி போன்.

"ஈரம் பத்தல. நேத்து தண்ணி ஊத்துனியா?"

"ஊத்தல."

திட்டவில்லை. அதனால்தான் அழுகை வந்தது. "காது குடையுற பஞ்சுக் குச்சிய நனைச்சு அந்தக் காலுல மட்டும் தடவு. இழுக்காத."

ஒன்றரை மணி நேரம் தடவினேன். "வாடி, வெளிய வா. ஒன் ஆளு வந்துருவாரு." ரெண்டு காலும் வந்தன. ஒன்று லேசாய்க் கோணல்.

இவர் வந்தார். நேரே பெட்டிக்கு. "எப்டி மின்னுறா பாத்தியா." நான் மதியச் சோறு சாப்பிடாததைக் கேட்கவில்லை.

மே 10, சனி

டெய்லரிடமிருந்து என் சட்டை வந்துவிட்டது. மயில்கழுத்துப் புடவைக்குப் பொருத்தம். போட்டுக் காட்டினேன். இவர் உரித்த தோலைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். எட்டுக் காலோடு முழுசாய் அவளேதான் போல. அதைக் கொடியில் காயவைத்தார், என் புடவைக்குப் பக்கத்தில்.

மே 11, ஞாயிறு

கொடியில் கிடந்த மயில்கழுத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு பூசைக்குப் புதுச் சட்டையில் போனேன். இவர் வரவில்லை. ராணியின் கோணல் காலைப் பார்க்கணுமாம்.

மாதா கோயிலில் அத்தனை கண்ணும் என் மேல். பின்வரிசைப் பெண்கள் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்தார்கள். வயிற்றெரிச்சல் என்று நினைத்து இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

வீட்டில் இவர் முதல்தடவையாக என் முதுகை உற்றுப் பார்த்தார். "அசையாத" என்றார். முந்தானையிலிருந்து ராணியின் தோலை மெதுவாக எடுத்தார். எண்ணினார். ஏழு கால்.

எட்டாவதைத் தேடிக் கோயிலுக்குப் போயிருக்கிறார்.