நஸீராவின் பக்கம்

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்று மகள் ரிஸ்னா குறிஞ்சாக்கேணியிலிருந்து தோணியில் வந்தாள். சோறு ஆக்கினாள், பாத்திரம் கழுவினாள், என் சாரன்களையும் துவைத்துப் போட்டாள். நான் கூரையில் சோலார் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இறங்கி உள்ளே வந்தால் நஸீராவின் கட்டிலில் இருந்த மூன்று தண்ணீர்க் கேன்களும் காலி.

"டாங்கியில ஒரு சொட்டு இல்ல வாப்பா. உம்மாட கட்டில்ல இருந்த தண்ணியத்தான் எடுத்தன். ஏன் அதுகள அங்க வச்சிருந்தீங்க?"

"வேற இடமில்ல மகள்," என்றேன்.

அவளிடம் எப்படிச் சொல்வது? பீப்பாய்களின் மேல் மிதக்கிற வீடு. நஸீரா மௌத்தாகிப் போனதிலிருந்து இரவில் நான் படுத்தால் என் பக்கம் தாழ்ந்துவிடும். தூக்கமே இல்லை. கடைசியில் அவளுடைய எடைக்குத் தண்ணீர் நிரப்பி, அவள் படுத்த இடத்தில் வைத்தேன். வீடு சமமாக நின்றது. அன்றுதான் தூங்கினேன்.

ரிஸ்னா போனதும் கேன்களில் வீட்டைச் சுற்றிக் கிடக்கிற உப்புக் களப்புத் தண்ணீரை நிரப்பப் பார்த்தேன். எடை ஒன்றுதானே. கை ஓடவில்லை.

இந்தக் களப்புக்கு நஸீராவைக் கூட்டி வந்தவன் நான். உப்பில் தலை பிசுபிசுக்கிறது, ஆசை தீர நல்ல தண்ணீரில் ஒருநாள் முழுக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "இப்ப ஒரு வாளிதான், மழை வரட்டும்" என்பேன்.

மூன்று கேன் நல்ல தண்ணீரை அவளுக்கென்று நான் எடுத்து வைத்தது, அவள் போன பிறகுதான்.