டம்ளரில் கிடக்கும் பல் செட்டு

ஏஞ்சல் அப்பாவுக்கு,

வாயைத் துண்டால் மூடிக்கொண்டு தூங்குகிறீர்கள். எழுப்பாமல் பல் கிளினிக் வேலைக்குக் கிளம்புகிறேன். கஞ்சி அடுப்படியில் இருக்கிறது. குழம்பு மீனில் முள் எடுத்துவிட்டேன். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு மீனாட்சியம்மாளிடம் கொடுங்கள். "அண்ணாச்சிக்குத் தொண்டை கட்டிருக்கா? சத்தமே இல்லையே" என்று நேற்றுக் கேட்டாள். ஆமாம் என்றேன்.

காத்திருந்த அத்தனை பேர் முன்னாலும், "எங்க வீட்டுக்காரருக்குத்தான் டாக்டர், பாதி ரூபா போட்டுக்கிடுங்க" என்று நான் கேட்டது தப்புதான். நூற்றிருபது ரூபாய், என் ஒரு மாசச் சம்பளம், என்றதும் வாய் தவறி வந்துவிட்டது. அந்தக் கோபத்தில் நீங்கள் செட்டையும் மாட்டவில்லை, என்னோடும் பேசவில்லை. பதினொரு நாளாக டம்ளரில் தண்ணீர் மாற்றி வைக்கிறேன்.

புதுச் செட்டு வாங்குகிறவர்களிடம் நாள் முழுக்க இதைத்தான் சொல்கிறேன்: "மாட்டிக்கிட்டு பேப்பரைச் சத்தமா வாசிங்க. முதல்ல குழறும், வெட்கப்படாதீங்க." ஏஞ்சலும் கல்யாணமாகிப் பம்பாய் காட்கோபருக்குப் போய்விட்டாள். வீட்டுக்கு வந்தால் எனக்குப் பேச ஆளில்லை.

நான் வர ஏழு மணி ஆகும். அதுவரை நீங்கள் குழறுவதைக் கேட்க வீட்டில் யாரும் இல்லை. செட்டை மாட்டிக்கொண்டு இந்தச் சீட்டையே சத்தமாக வாசியுங்கள்.

சேசம்மாள்

கஞ்சியில் உப்புப் போட்டாயிற்று.

'ச' சரியாக வரத்தான் ரொம்ப நாளாகும் என்று டாக்டர் சொல்வார். ராத்திரி என் பெயரைக் குழறியே கூப்பிடுங்கள். திரும்பிப் பார்ப்பேன்.