இந்த வாரப் பகுதியில் உனக்கு ஒரு பாடம்

ஜெருசலேம்,
8 பிப்ரவரி 2018, வியாழன்

என் மனைவி ஷிஃப்ராவுக்கு,

இறையருளால் நலம். ஹைஃபாவில் குளிர் அதிகமாமே, கம்பளிக் காலுறை போட்டுக்கொள். வழக்கம்போல ஜெபாலயத்தில் இந்த வாரம் வாசிக்கும் தோரா வேதப் பகுதியிலிருந்து இக்காலத்துக்கான பாடத்தை எழுதுகிறேன். என் வகுப்பு மாணவர்களுக்கு முன்னால் உனக்குத்தான்.

இந்தச் சனிக்கிழமை வாசிப்பில் ஓர் அடிமை வருகிறான். ஏழாம் வருடம் விடுதலை கொடுத்தால், எஜமானை விட்டுப் போகமாட்டேன் என்கிறான். அவன் காதைக் கதவில் வைத்துக் குத்துகிறார்கள். எல்லோரும் காதைப் பற்றியே பேசுவார்கள். நான் கதவைப் பற்றி யோசித்தேன். திறந்த கதவைத் தாண்டாதவன் அவன். நான் பூட்டி வைத்த கதவைத் தாண்டிப் போனவள் நீ. இன்று எல்லோருக்கும் விடுதலை வேண்டும், எதற்கென்றுதான் தெரியாது.

மணவிலக்குச் சீட்டுக்காக மத நீதிமன்றத்துக்கு அலையாதே. கணவன் மனதோடு கொடுத்தால்தான் அது சீட்டு. எனக்கு மனதில்லை. சூப்பில் உப்பில்லை என்றதெல்லாம் ஒரு காரணமா?

உன் கணவன்,
நஃப்தாலி

*

ஹைஃபா,
15 பிப்ரவரி 2018

நஃப்தாலிக்கு,

உப்பில்லை என்று சொன்னதற்காக நான் வீட்டை விட்டு வரவில்லை. கொதிக்கும் சூப்பை என் தோளில் ஊற்றியதற்காக வந்தேன். உங்கள் மாணவர்களுக்கு அதையும் பாடமாக எடுங்கள்.

அதே பகுதியில் ஓர் அடிமைப் பெண்ணும் வருகிறாள். உணவும் உடையும் இல்லறமும் கொடுக்காவிட்டால் அவள் சும்மாவே விடுதலையாகிப் போகலாம். அடிமைக்கு அது உண்டு, எனக்கு இல்லை.

பதினோரு வருடம் உங்களோடு இருந்தேன், குழந்தையில்லை. மூன்று வருடமாகத் தனியாக இருக்கிறேன். எனக்கு முப்பத்தைந்து வயது. நீங்கள் சீட்டுக் கொடுத்தால் என்னை மணக்க ஒருவர் காத்திருக்கிறார், ரொட்டிக்கடை வைத்திருப்பவர், மனைவியை இழந்தவர். ஒரு பிள்ளை பெற்றுக்கொள்ள எனக்கு இன்னும் கொஞ்சம்தான் காலம் இருக்கிறது. கீழ்வீட்டு ஃப்ரூமா படியில் நிறுத்திக் கேட்கிறாள்: "ஏண்டி, அந்தாளு உன்ன இன்னும் அவுத்து விடலியா? அதுக்குள்ள நரைச்சிடும் போலிருக்கே!" நானும் சிரிக்கிறேன். வேறென்ன செய்வது?

ஒரு தாள்தானே. கொடுத்துவிடுங்கள்.

ஷிஃப்ரா

*

ஜெருசலேம்,
14 ஜூன் 2018, வியாழன்

என் மனைவி ஷிஃப்ராவுக்கு,

இந்த வாரப் பகுதியில் கோராக் வருகிறான். மோசேயை எதிர்த்துப் பேசினான், பூமி வாயைத் திறந்து விழுங்கிவிட்டது. எதிர்த்துப் பேசுகிறவர்களுக்கு எந்தக் காலத்திலும் இதுதான் கதி என்று எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. எனக்குக் கணையத்தில் கட்டி. டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். யாரையும் எதிர்த்துப் பேசாத என்னைத்தான் பூமி கேட்கிறது.

தனியாக இருக்கிறேன். வந்து பார்த்துக்கொள். வந்தால் சீட்டைப் பற்றி யோசிப்பேன்.

நஃப்தாலி

*

ஹைஃபா,
23 ஆகஸ்ட் 2018

நஃப்தாலிக்கு,

வந்தேன். பதினேழு நாள் உங்கள் மலச்சட்டியை எடுத்தேன். வாயில் ஊட்டினேன். சீட்டு எழுத எழுத்தரையும் இரண்டு சாட்சிகளையும் கூட்டி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதாக நடித்தீர்கள். எழுத்தர் கிளம்பிப் போனதும் கண்ணைத் திறந்து, "தண்ணி குடு" என்றீர்கள். அந்தக் குரலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

சீட்டுக் கொடுக்காத உங்களைச் சிறையில் போடக் கேட்டு நான் போட்ட வழக்குக்கு நேற்று விசாரணை. நீதிபதி கேட்டார்: "ஏம்மா, சாகக் கெடக்கறவன ஜெயில்ல போடச் சொல்றியா?" நான் சொன்னேன்: "வேணாங்க. வழக்கையே திரும்ப எடுத்துக்கறேன்." கருணையால் இல்லை. டிசம்பரில் ஹனுக்கா பண்டிகை விளக்கு ஏற்றும்வரை நீங்கள் இருக்கமாட்டீர்கள் என்று டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டார்.

இந்த வாரப் பகுதியில் 'விலக்குச் சீட்டு எழுதி அவள் கையில் கொடுத்து' என்ற வரி வருகிறது. அதோடு புத்தகத்தை மூடிவிட்டேன். இனி உங்கள் கை எனக்கு வேண்டாம். நீங்கள் செத்தால் நான் விதவை, விதவை யாரையும் மணக்கலாம். குளிர்காலம் முடிந்ததும் கல்யாணம். உங்களுக்காக அழமாட்டேன்.

ஷிஃப்ரா

*

ஜெருசலேம்,
1 நவம்பர் 2018, வியாழன்

என் மனைவி ஷிஃப்ராவுக்கு,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்தைப் பொறுத்துக்கொள். இதை ஒரு மாணவனிடம் கொடுத்து வைக்கிறேன். நான் இறந்து ஏழு நாள் துக்கம் முடிந்த பிறகு தபாலில் போடுவான்.

இந்த வாரப் பகுதியில் கிழவர் ஆபிரகாம் மறுபடி மணம் செய்து பிள்ளைகள் பெறுகிறார். ஆண்ட்வெர்ப்பில் என் அப்பாவும் போன வருடம் மறுமணம் செய்தார் அல்லவா? அறுபத்து நான்கு வயதில் அவருக்கு ஒரு மகன். எட்டாம் நாள் விருத்தசேதனம் நல்லபடியாக முடிந்தது. பெயர் ஹெர்ஷெல். எனக்கு ஒரு தம்பி.

ஆகஸ்டில் நீ மூடிய புத்தகத்தைத் திறந்து ஓர் அத்தியாயம் தள்ளிப் படி. பிள்ளையில்லாமல் இறந்தவனின் மனைவி வெளியே மணக்க முடியாது. அவன் சகோதரன் அவளை விடுவிக்கவேண்டும். பெரியவர்கள் முன்னால் அவள் அவன் கால் செருப்பைக் கழற்றவேண்டும். அதற்கு அவனுக்குப் பதிமூன்று வயது ஆகியிருக்கவேண்டும். நீ வழக்கைத் திரும்ப எடுத்த அன்று அப்பாவின் மனைவிக்கு ஏழாம் மாதம். எனக்குத் தெரியும். நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

இக்காலத்துக்கான பாடம், பொறுமை. உனக்கு அப்போது நாற்பத்தெட்டுத்தான் ஆகியிருக்கும்.

என்றும் உன் கணவன்,
நஃப்தாலி

*

ஹைஃபா,
29 நவம்பர் 2018

ஆண்ட்வெர்ப்பில் இருக்கும் குழந்தை ஹெர்ஷெலுக்கு,

உன் அம்மா இதைப் படிப்பாள், அவள் படிக்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் உன் அண்ணனின் விதவை. நீ எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை.

ரொட்டிக்கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "பதிமூணு வருஷமா?" என்றார். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். வெகுநேரம் நின்றேன், அவர் திரும்பி வரவில்லை.

முந்தாநாள் உன் அப்பாவிடம் போனில் பேசினேன். உனக்கு நெஞ்சுச் சளி, மூச்சு இழுக்கிறது, ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறோம், வேண்டிக்கொள் என்று அழுதார். சரி என்றேன். நீ இல்லாவிட்டால் நான் அன்றைக்கே விடுதலை. போனை வைத்துவிட்டு வேண்டிக்கொண்டேன், ஹெர்ஷெல். என்ன வேண்டிக்கொண்டேன் என்று உன் அம்மாவுக்குப் புரியும்.

விடிந்ததும் நீ பிழைத்துவிட்டாய் என்று செய்தி வந்தது. தரையில் உட்கார்ந்து அழுதேன். எதற்காக அழுதேன் என்று எனக்கே தெரியவில்லை.

அம்மாவிடம் சொல். உன்னைப் பார்க்க வருகிறேன் என்று நான் எப்போதாவது கேட்டால், கதவைத் திறக்கவேண்டாம்.

ஷிஃப்ரா